தேறியவை, தேறாதவை

லேபிளம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டிலும் ஆராய்ச்சிக்கூடத்துக் கதவிலும் அது பத்திரமாக இருந்தது. ஆனால் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் அதைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை. ஏன் என்பது கதவைத் திறந்தாலே தெரிந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் தொங்கும் ஆணிக்கு மேலே ‘ஸ்க்ரூடிரைவர்’ என்று ஒரு லேபிள். ஜன்னலில் ‘மழை வந்தால் மூடவும்’. அதற்குக் கீழேயே ‘மழை நின்றால் திறக்கவும்’. லேபிள் அச்சடிக்கும் சின்ன மெஷினின் முதுகில் ‘லேபிள் மெஷின்’. இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பவர்களிடம் அவள் கோபித்துக்கொண்டதே கிடையாது. “நாளைக்கு நான் இல்லாதப்ப வர்ற ஆளு திண்டாடக் கூடாதுல்ல?” என்பாள். பதினோரு வருடத்தில் அவள் இல்லாத நாள் என்று ஒன்று வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

லேபிள் விஷயத்தில் அவளுக்குக் கொள்கை ஒன்றும் உண்டு. டப்பா என்றால் லேபிளை மூடியில்தான் ஒட்ட வேண்டும். மேலேயிருந்து பார்த்தால் தெரிய வேண்டும்; குனியக் கூடாது, நிமிரக் கூடாது. இந்தக் கொள்கை ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்து, வீட்டுச் சமையலறைக்குக் குடிபோய், அங்கேயிருந்து அவளுடைய நாத்தனாரின் சலவைக் கடை வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. நடந்ததெல்லாம் அந்தக் கொள்கையின் கைங்கரியம்தான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

கூடத்தில் வேலை பார்த்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒன்று அவள். இன்னொன்று கண்ணாடிக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பூதக்கண்ணாடி ஒன்றையும் மாட்டிக்கொண்டு, எறும்புக் கால் அளவுக் கம்பியைக்கூடக் கை நடுங்காமல் பற்றவைக்கிற ஐம்பது வயது மனிதர். அவருடைய அலமாரிக் கதவிலும் லேபிள் இருந்தது: ‘உதவியாளர் (தற்காலிகம்)’. ஆறு வருடமாகத் தற்காலிகம். அரசாங்கத்திலிருந்து ஏதாவது ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்குப் பணம் வரும். அவர் வேலை இன்னும் ஒரு வருடம் ஓடும். பிறகு எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த ‘தற்காலிகம்’ கண்ணை உறுத்துகிறது, எடுத்துவிடலாமே என்று ஒரே ஒரு தடவை கேட்டார். “உண்மை இல்லாததை எப்படிங்க ஒட்டறது?” என்று அவள் உள்ளபடியே வருத்தத்தோடு சொன்னாள். அப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர்கள் கட்டிக்கொண்டு அழுதது சிலிக்கன் கார்பைடை. கறுப்பு உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் மணல் இருக்கிறதே, அதே சரக்குதான். தேய்க்கிற வேலைக்கு வந்தால் சல்லிசு. அதையே படிகமாக வளர்த்துச் சிப்பாக அறுத்துவிட்டால் தொட்டாலே கை சுடும் விலை. வளர்வதற்கு வாரக்கணக்கில் உலைச் சூடு வேண்டும். வளர்ந்ததிலும் பாதி சொத்தை. ஆனால் நல்லதாக ஒன்று அமைந்துவிட்டால், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டிவிட்டும் அலட்டிக்கொள்ளாமல் ஜில்லென்று உட்கார்ந்திருக்கும். சாதாரண சிப் அந்த வேலைக்குக் கொதித்துப்போகும். அதற்கு ஃபேன் போட்டு விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த ராஜா வீட்டுப் பிள்ளையைச் சாதாரண ஜனங்கள் வாங்குகிற விலைக்குக் கொண்டுவர வழி சொல்பவர்களுக்கு மூன்று வருடம் ஆராய்ச்சிப் பணம் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. முதலில் ஒரு வருடம் முன்னோட்டம். பிறகு ஒரு குழு வந்து பார்க்கும். திருப்தி என்றால் மூன்று வருடம். இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான். பக்கத்துத் துறைத் தலைவர் ஏற்கெனவே இரண்டு தடவை அளவு டேப்போடு வந்து கூடத்து ஜன்னலை அளந்துவிட்டுப் போயிருந்தார். “சும்மா ஒரு பேச்சுக்கு” என்றார். இரண்டாம் தடவை டேப்பை மறந்து வைத்துவிட்டுப் போனார். லேபிளம்மா அதில் ‘பக்கத்துத் துறையுடையது’ என்று ஒட்டித் திருப்பி அனுப்பினாள்.

முன்னோட்டப் பணத்தில் நானூறு சிப் வாங்கினார்கள். மூன்று வாரம் அவளே உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்து, ஆயிரத்து இருநூறு வோல்ட் கொடுத்துச் சோதித்தாள். கசியாமல் தாங்கினால் தேறியது, கசிந்தால் தேறாதது. நூற்று எண்பது தேறியது. இருநூற்று இருபது கோட்டை விட்டது. ஒரே அச்சில் வார்த்தது போன்ற இரண்டு பிஸ்கட் டப்பாக்களை வாங்கி, மூடிகளில் ‘தேறியவை’, ‘தேறாதவை’ என்று ஒட்டி, அலமாரியின் மேல் தட்டில் அக்காள் தங்கை போலப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

குழு முதல் தடவை எட்டிப் பார்க்க வந்தபோது கூடத்தையே கவிழ்த்துப்போட்டுச் சுத்தம் செய்தார்கள். வந்தவர்களுக்கு நினைவுப் பரிசாக, ‘தேறாதவை’ டப்பாவிலிருந்து மூன்று சிப்பை எடுத்துக் கண்ணாடி போன்ற பிசினுக்குள் புதைத்து, கண்ணாடிக்காரர் மூன்று சாவிக்கொத்து செய்தார். பார்க்க நகை மாதிரி இருந்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்து ‘தேறியவை’ டப்பாவிலிருந்து ஆறு சிப்பை எடுத்து, மோட்டாருக்கு மின்சாரத்தை வெட்டி அனுப்பும் பெட்டி ஒன்றைக் கட்டினார்கள். அதை நாத்தனாரின் சலவைக் கடையில், பெரிய துவைக்கும் மெஷினின் மோட்டாருக்கு மாட்டினார்கள்.

சலவைக் கடையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சொந்தபந்தம் மட்டும் இல்லை. அங்கே நாள் பூராவும் ஆவி. காற்றெல்லாம் துணியின் பஞ்சுத்தூள். முன்னே இருந்த பெட்டிகளின் ஃபேன் அந்தப் பஞ்சை உள்ளே இழுத்து இழுத்து மூச்சு முட்டிச் செத்துப்போகும். வருடத்துக்கு இரண்டு சாவு. ஃபேன் இல்லாத புதுப் பெட்டி எட்டு மாதமாக ஒரு நாள்கூட முனகவில்லை. அதைத்தான் அறிக்கையில் எழுதி அனுப்பியிருந்தாள்: ‘தேர்ந்தெடுத்த முதல் தரச் சிப்களைக் கொண்டு கட்டப்பட்டது.’

குழு இரண்டாம் தடவை வருவதற்கு முந்தின நாள் மதியம் அவள் அறிக்கையின் பக்க எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் வந்து நின்றாள். கையில் ஒரு கறுப்புக் கோட்டு.

“அண்ணி, இதைக் கொஞ்சம் பாருங்க.”

கோட்டின் முன்பக்கம் பூராவும் செம்பழுப்புத் திட்டுகள்.

“ஐயையோ. என்னாச்சு?”

“உங்க லேபிள் ஆச்சு.”

“யாரு கோட்டு?”

“வக்கீலோடது.”

“வக்கீல் கோட்டையா? ஊர்ல வேற துணியே கிடைக்கலையா உனக்கு?”

“நக்கலெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். நான் பாட்டுக்குச் சோப்புத்தூளைப் பழைய பெயிண்ட் வாளியிலயும், வெளுக்கற தூளை ஜாடியிலயும் வெச்சு நிம்மதியா இருந்தேன். ஒரே மாதிரி டப்பாவா இருந்தாத்தான் ஒழுங்கா இருக்கும்னு நீங்கதானே ரெண்டு வெள்ளை டப்பா வாங்கிக் குடுத்து மூடியில ஒட்டினீங்க? போன வாரம் ரெண்டையும் கழுவிக் காயவெச்சேன். இன்னைக்குப் பார்த்தா மூடி மாறிப்போயிருக்கு.”

“லேபிளைப் படிச்சியா இல்லையா?”

“படிச்சதாலதான் அண்ணி இந்தக் கதி! படிக்காம மோந்து பார்த்திருந்தா கோட்டு பிழைச்சிருக்கும்.”

மூலையில் கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. லேபிளம்மா சும்மா விடுகிறவளா? கழுவினவள் பார்த்து மூட வேண்டாமா, லேபிள் என்ன பாவம் செய்தது என்று ஆரம்பித்தாள். “எந்த மூடி எந்த டப்பாவுதுன்னு கூடவா…” என்கிற இடத்தில் வாய் நின்றுவிட்டது. மெதுவாகத் தலையைத் தூக்கி அலமாரியின் மேல் தட்டைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். குழு முதல் தடவை வந்தபோது, அந்த இரண்டு டப்பாக்களின் மூடிகளையும் கழற்றி ஒரே துணியால் துடைத்தது யார் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அவர் டப்பாவைத் துடைத்தார். அவள் மூடியைத் துடைத்தாள். மூடினவளும் அவள்தான்.

“இருக்காது மேடம்,” என்றார் அவர். சிரிப்பு ஓடிப்போயிருந்தது.

‘தேறியவை’ டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துச் சோதனை மேஜையில் வைத்தார்கள். வோல்ட்டை ஏற்றினார்கள். ஆயிரத்தைத் தாண்டியதும் முள் துள்ளியது. கசிவு. இரண்டாவது, கசிவு. மூன்றாவது, கசிவு. ‘தேறாதவை’ டப்பாவிலிருந்து ஒன்று: ஆயிரத்து இருநூறிலும் அசையவில்லை. இன்னொன்று: அசையவில்லை. லேபிளம்மாவின் முகத்தில் ஈ ஆடவில்லை.

“என்ன அண்ணி, பேய் அறைஞ்ச மாதிரி உட்கார்ந்துட்டீங்க? வக்கீல்கிட்ட நான் பேசிக்கறேன் விடுங்க,” என்றாள் நாத்தனார், பயந்துபோய்.

“உன் மெஷினுக்கு மாட்டின பெட்டியில இருக்கற ஆறும் கழிச்சுப்போட்ட சரக்கு.”

“எது, எட்டு மாசமா ஓடுதே, அதுவா?”

“அதேதான்.”

“அப்போ நல்ல சரக்கு எங்கே?”

கண்ணாடிக்காரர்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அதுல மூணு, குழுக்காரங்க சாவிக்கொத்துல தொங்குது.”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, கோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்து, “நான் கடைக்குப் போறேன்” என்று நழுவினாள். நடையில் அவள் சிரிக்கிற சத்தம் படி இறங்கும் வரை கேட்டது.

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மேடம், மொத்தம் ஆறு சிப்பு. மாத்தறதுக்கு ரெண்டு மணி நேரம் போதும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள திரும்ப மாட்டிடலாம். நாளைக்கு அவங்க திறந்து சோதிச்சாலும் எல்லாம் முதல் தரமா இருக்கும். அறிக்கையில எழுதினதும் சரியாப் போயிடும்.” ஒரு நிமிடம் கழித்து, “என் வேலைக்காகச் சொல்லலே” என்றார்.

அவர் வேலைக்காகத்தான் சொன்னார். அதில் தப்பு என்ன இருக்கிறது? அவருடைய மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அவளுக்கு அது தெரியும். இந்த மாதத்தோடு பணம் தீர்கிறது என்பதும், அடுத்த மாதம் அந்த ஜன்னலில் பக்கத்துத் துறையின் திரைச்சீலை ஆடும் என்பதும் தெரியும். எழுந்து போய், நல்ல சிப்பாக ஆறு பொறுக்கி எடுத்துச் சின்ன உறைக்குள் போட்டாள். பழக்கதோஷத்தில் லேபிள் மெஷினைக் கையில் எடுத்தாள். உறைமேல் என்ன அச்சடிப்பது என்று தெரியவில்லை. எட்டு மாதம் ஓடியது வேறு ஆறு, நாளைக்குக் காட்டப்போவது வேறு ஆறு. இதற்கு என்ன லேபிள்? மெஷினைக் கீழே வைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் உறையை வெறுமனே கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“காலையில எட்டு மணிக்குக் கடைக்கு வந்துடுங்க. சாமானோட,” என்றாள். மாற்றவா, வேண்டாமா என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் கிளம்புவதற்கு முன்னால், ‘தேறியவை’ மூடிக்குள் கிடந்த தேறாத சரக்கிலிருந்து நாற்பது சிப்பை எடுத்து, எது எத்தனை வோல்ட்டில் கசிகிறது என்று இரண்டு பேருமாக ஒவ்வொன்றாக எழுதினார்கள். எதற்கு என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. கை சும்மா இருந்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது, அதுதான் உண்மை.

அவளுடைய வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். முப்பது வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எதிரே லாரி வரும்போதும் குரலை உயர்த்தாமல் பேசிப் பழகியவர். சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார். தங்கச்சி ஏற்கெனவே போனில் சொல்லிச் சிரித்திருந்தாள் என்பதைக் காட்டிக்கொள்ளவில்லை.

“ஒண்ணு கேக்கறேன். அந்தப் பெட்டிக்குள்ள எத்தனை வோல்ட்டு?”

“அறுநூறு.”

“நீ பரீட்சை வெச்சது?”

“ஆயிரத்து இருநூறு. ரெண்டு மடங்கு வெக்கறதுதான் முறை.”

“சரி. எங்கிட்ட வர்றவங்களை எல்லாம் மலைப்பாதையில ராத்திரி மழையில ஓட்டிக் காட்டச் சொல்லி, காட்டாதவனுக்கு லைசென்சே கிடையாதுன்னா, நம்ம தெருவுல யாரு வண்டி ஓட்டறது?”

“அது வேற, இது வேற,” என்றாள் அவள் எரிச்சலோடு. “உங்க ஆளு தப்பா ஓட்டினா பிரேக்கு உங்க காலடியில இருக்கு. சிப்புக்கு யாரு பிரேக் போடறது? இன்னைக்குத் தாங்கும். நாலு வருஷம் கழிச்சு வெடிச்சா?”

“வெடிக்குமா?”

“தெரியாது.”

“தெரிஞ்சுக்க என்ன செய்யணும்?”

“நூறு, இருநூறு பெட்டி கட்டி, வருஷக்கணக்கா ஓட்டிப் பார்க்கணும். அதுக்கு…” என்று சொல்லி நிறுத்தினாள்.

“அதுக்குப் பணம் வேணும்,” என்றார் அவர், அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு. “நாளைக்கு யாரோ பணத்தோட வர்றதா சொன்னியே.”

அவளுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. சரியாகச் சொல்பவர்கள்மேல் வருகிற கோபம்தான் அது.

மறுநாள் எட்டு மணிக்குக் கண்ணாடிக்காரர் கடை வாசலில் சாமான் பெட்டியோடு நின்றார். முகச்சவரம் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தார். அவள் வந்ததும் கைப்பையைப் பார்த்தார். அவள், “வேண்டாம்” என்று ஒரே வார்த்தை சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, சாமான் பெட்டியைத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பத்து மணிக்குக் குழு வந்தது. குழுவுக்குத் தலைவரான அம்மாள் அரசு அலுவலகத்திலேயே முடி நரைத்தவர். பொறியியல் தெரியாது, ஆனால் மனிதர்களைத் தெரியும். கூட வந்த நிபுணர் உலகத்தில் உள்ள சிலிக்கன் எல்லாவற்றையும் ஒரு முறை சந்தேகப்பட்டு முடித்தவர். மூன்றாமவர் குறிப்பெடுப்பவர், அவர் பேனாவைத் தவிர வேறு எதையும் நம்பவில்லை. மூவரும் ஆவிக்கும் மூட்டைகளுக்கும் நடுவே பிளாஸ்டிக் ஸ்டூல்களில் உட்கார்ந்தார்கள். நாத்தனார் மெஷினை ஓட விட்டாள். நிபுணர் எழுந்து போய்ப் பெட்டியைப் புறங்கையால் தொட்டார்.

“சூடே இல்லையே,” என்றார், ஏதோ குறை கண்டுபிடித்தவர் போல.

“எட்டு மாசமா இப்படித்தாங்க,” என்றாள் நாத்தனார். “பழசு மேல நாங்க டீ சூடு பண்ணுவோம்.”

“நல்ல சிப், நல்லா ஓடுது. அதுல அதிசயம் இல்லை,” என்று நிபுணர் லேபிளம்மாவிடம் திரும்பினார். “பொறுக்கி எடுத்த முதல் தரம்னு எழுதியிருக்கீங்க. அந்த விலைக்கு இந்த மாதிரி ஒரு கடை வாங்குமா? கட்டுப்படியாகிற விலைங்கறது எங்கே?”

தயாராக வைத்திருந்த பதில் மூன்று பக்கம் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. கைப்பையிலிருந்து அந்த வெற்று உறையை எடுத்துத் துணி மடிக்கும் மேஜைமேல் வைத்தாள்.

“முதல் தரம் இதுக்குள்ள இருக்கு. பெட்டிக்குள்ள இருக்கறது நாங்க தள்ளிவெச்சது. நான் எழுதினது தப்பு. டப்பா மூடி மாறிப்போச்சு. மாத்தினது நான்.”

குறிப்பெடுப்பவர் நிமிர்ந்து, “மூடின்னா… மூடியேதானா?” என்று கேட்டார். “மூடியேதான்” என்றாள். அவர் எழுதிக்கொண்டார். வக்கீல் கோட்டு உள்பட எல்லாவற்றையும் அவள் சொன்னாள். அத்தாட்சிக்கு நாத்தனார் கோட்டையே தூக்கிக் காட்டினாள்.

நிபுணர் சிரிக்கவில்லை. “ரெண்டு பிஸ்கட் டப்பாவைப் பிரிச்சுச் சொல்லத் தெரியாத கூடத்தை நம்பி மூணு வருஷப் பணம் எப்படிக் குடுக்கறது?”

கேள்வி நெஞ்சில் வந்து விழுந்தது. கண்ணாடிக்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லேபிளம்மா நிபுணருக்கு நேராகத் திரும்பினாள்.

“நீங்க கேக்கறது நியாயம். ஆனா நேத்து மதியம் இது தெரிஞ்சது. ஆறையும் மாத்தி வெக்க எங்களுக்கு நேரம் இருந்தது, ஆள் இருந்தார், சரக்கும் இருந்தது. மாத்தலை.” நாற்பது சிப்பின் கணக்குத் தாளை நீட்டினாள். “தேறாததுன்னு நான் கழிச்சதுல நாற்பதை நேத்துத் திரும்பப் பார்த்தோம். முப்பத்தாறு, தொள்ளாயிரம் வோல்ட் வரைக்கும் தாங்குது. இந்த மெஷினுக்கு வேண்டியது அறுநூறு. நான் ஒரே பரீட்சை வெச்சு ஒரே கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே போனதை எதுவரைக்கும் தாங்கும்னு கேக்கவே இல்லை.”

“ஆறு சிப், எட்டு மாசம். இது எதையும் நிரூபிக்காது,” என்றார் நிபுணர்.

“நிரூபிக்காது,” என்று அவள் உடனே ஒத்துக்கொண்டாள். “நாளைக்கே வெடிச்சாலும் வெடிக்கலாம். எனக்குத் தெரியாது. அது தெரியறதுக்குத்தான் பணம் கேக்கறேன். சொத்தைன்னு எல்லாரும் வீசற பாதியில எது எந்த வேலைக்கு ஆகும்னு பிரிக்கத் தெரிஞ்சா விலை தானா இறங்கும். தெரியலைன்னா, ஆகாதுன்னாவது தெரியும்.”

தலைவரம்மாள் தன் பையைத் துழாவிச் சாவிக்கொத்தை வெளியே எடுத்தார். பிசினுக்குள் அந்தச் சிப் பளபளத்தது.

“அப்போ இது?”

“முதல் தரம்,” என்றாள் லேபிளம்மா. “ஆயிரத்து இருநூறு வோல்ட் தாங்கும்.”

“இத்தனை நாளா என் பீரோ சாவியைத் தாங்கிட்டிருந்தது,” என்றார் அவர். முகத்தில் சிரிப்பு இல்லை. குறிப்பெடுப்பவர் இதை எழுதுவதா வேண்டாமா என்று அவர் முகத்தைப் பார்த்தார். தலைவரம்மாள் நிதானமாக வளையத்தைப் பிரித்து, சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சிப்பை மட்டும் மேஜையில் உறைக்குப் பக்கத்தில் வைத்தார். “அரசாங்கச் சொத்து. கொண்டுபோய் டப்பாவுல போடுங்க. எந்த டப்பான்னு பார்த்துப் போடுங்க.”

நாத்தனார்தான் முதலில் சிரித்தாள். பிறகு தலைவரம்மாள். நிபுணர் மறுபடியும் போய்ப் பெட்டியைத் தொட்டார். இந்தத் தடவை உள்ளங்கையை வைத்து, வெகு நேரம்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மூன்று வருடம், கேட்டது முழுவதும் இல்லை என்றாலும் போதுமான அளவு. கீழே நிபந்தனைகள். முதல் நிபந்தனை, ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனி எண். இரண்டாவதை லேபிளம்மா சத்தமாகப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். கண்ணாடிக்காரர் வாங்கி மீதியைப் படித்தார்: ‘கொள்கலன்களின் மூடிகளில் மட்டும் அடையாளச் சீட்டு ஒட்டும் நடைமுறை உடனடியாகக் கைவிடப்பட வேண்டும்.’ நாத்தனார் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கடைச் சுவரில், துவைக்கும் மெஷினுக்கு மேலே மாட்டினாள். வக்கீல்கூட நின்று படித்துவிட்டுப் போனாராம்.

அன்று மதியம் லேபிளம்மா எழுந்து கண்ணாடிக்காரரின் அலமாரிக்குப் போனாள். நகத்தால் லேபிளின் ஒரு முனையைச் சுரண்ட ஆரம்பித்தாள். அவர் பூதக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“மூணு வருஷம்னாலும் தற்காலிகம்தானே மேடம். உண்மை இல்லாததை ஒட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஒட்டலையே. எடுக்கத்தானே செய்யறேன்.”

ஆறு வருடத்துப் பசை. அடைப்புக்குறி உரிந்து வந்தது, ‘தற்’ வந்தது, மீதி வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. அவர் எழுந்து வந்து, இழுப்பறையிலிருந்து கறுப்பு உப்புத்தாள் ஒரு துண்டு எடுத்து நீட்டினார். அவள் வாங்கித் தேய்த்தாள். கொஞ்ச நேரம் அவள் தேய்த்தாள், கை வலித்ததும் அவர் வாங்கித் தேய்த்தார். கதவில் ‘உதவியாளர்’ என்பதும், பக்கத்தில் பெயிண்ட் உரிந்த ஒரு சொரசொரப்பான இடமும் மிச்சமாயின. அந்த இடத்தில் அவள் எதையும் ஒட்டவில்லை.